பருவம் தப்பிய பனிப்புயலுக்குப் பின் அக்கம்பக்கத்தாரை விசாரிப்பது எப்படி: கனெக்டிகட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2011 அக்டோபர் 29, சனிக்கிழமை. தீபாவளி முடிந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. நான் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டு பக்கம் குடிவந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. மதியம் தொடங்கிய பனி இரவு முழுவதும் கொட்டியது. மரங்கள் இன்னும் இலை உதிர்க்காத காலம் என்பதால் ஈரப்பனி இலைகளின் மேல் அப்படியே தங்கி, பாரம் தாங்காமல் கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. அந்தச் சத்தம் தூரத்தில் யாரோ அணுகுண்டுப் பட்டாசு வெடிப்பதுபோலவே இருந்தது. கிளைகள் கம்பிகளின் மேல் விழுந்ததில் மாநிலம் முழுவதும் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போயிற்று. சில ஊர்களுக்கு அது திரும்பி வர ஒரு வாரத்துக்கும் மேல் ஆனது.

ஞாயிறு காலை நான் கீழ்வீட்டு அம்மாவின் கதவைத் தட்டி, "நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டேன். எழுபத்தைந்து வயதைத் தாண்டிய அவர், "நன்றாக இருக்கிறேன், கவலைப்படாதே" என்றார். நானும் நிம்மதியாக மாடியேறிவிட்டேன். ஃப்ரிட்ஜ் ஓடாததால் தன் இன்சுலின் பெட்டியை அவர் பால்கனிப் பனியில் புதைத்து வைத்திருந்ததும், அது இரவில் உறைந்து வீணாகிப் போனதும், வேறு மருந்து இல்லாமல் அவர் ஒரு முழு நாள் இருந்ததும் எனக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் வேறு குளிர் மாநிலத்தில் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. அக்டோபர் முதல் வாரத்திலேயே ஒரு தாளைத் தயார் செய்யுங்கள்

பனிக்காலம் டிசம்பரில்தான் தொடங்கும் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். பருவத்துக்கு முந்திய பனியில் எவர் வீட்டிலும் ஆயத்தம் இருக்காது. எண்ணெயில் இயங்கும் ஹீட்டிங் உள்ள வீடுகளில் பலர் தொட்டியைக்கூட நிரப்பியிருக்க மாட்டார்கள்.

உங்கள் கட்டடத்தில் அல்லது தெருவில் இரண்டு பக்கமும் மூன்று மூன்று வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள்; அதற்கு மேல் ஒருவரால் பார்க்க முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர், கதவு எண், கைபேசி எண், வெளியூரில் இருக்கும் பிள்ளை அல்லது உறவினர் ஒருவரின் எண், மின்சாரம் இல்லாமல் இயங்காத மருத்துவக் கருவி எதுவும் உண்டா என்பது, குளிரில் வைக்க வேண்டிய மருந்து உண்டா என்பது, மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே இதை எடுத்த எடுப்பில் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஏதாவது பலகாரத்தோடு போய் அறிமுகம் செய்துகொண்டு, முதலில் உங்கள் விவரத்தை எழுதிக் கொடுங்கள். "மின்சாரம் போனால் நான் வந்து உங்கள் கதவைத் தட்டலாமா?" என்ற ஒரு கேள்வி போதும்; பெரும்பாலானோர் தாங்களாகவே மற்றதைச் சொல்வார்கள். சொல்லாதவர்களை வற்புறுத்த வேண்டாம். அவர்கள் சொன்னதை அவர்களுடைய அனுமதி இல்லாமல் வாட்ஸ்ஆப் குழுவில் போடவே கூடாது. ஒருவருடைய நோயும் சாவி இருக்கும் இடமும் பொதுவில் போகத்தக்கவை அல்ல. கைபேசியில் மட்டும் சேமித்து வைக்காமல் காகிதத்தில் எழுதுங்கள், ஏனென்றால் உங்களுக்கு அது தேவைப்படும் நேரத்தில் கைபேசியில் சார்ஜ் இருக்காது.

ஊரிலிருந்து பெற்றோரை ஆறு மாதத்துக்கு அழைத்து வந்திருப்பவர்கள் அவர்களுடைய பெயரை அண்டை வீட்டாரின் தாளில் எழுதிவைக்க மறந்துவிடுகிறார்கள். பகலில் தனியாக இருக்கும் அவர்களை, "யார் தட்டினாலும் கதவைத் திறக்காதீர்கள்" என்று நாமேதான் சொல்லிவைத்திருக்கிறோம். எனவே யார் வந்தால் திறக்கலாம் என்பதை நேரில் முகம் காட்டிச் சொல்லிவையுங்கள். அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க நேர்ந்தால் முகவரியை ஆங்கிலத்தில் சொல்லவும், பிறகு "தமிழ்" என்று மொழியின் பெயரைச் சொல்லவும் பழக்குங்கள். பெரும்பாலான 911 மையங்களில் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைக்கும் ஏற்பாடு உண்டு.

2. எவ்வளவு செலவாகும்

பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் சுமார் 25 முதல் 40 டாலர், பனி வாரும் ஷவல் 20 முதல் 35 டாலர், பேட்டரி விளக்கு 15 டாலர், பவர் பேங்க் 25 டாலர், பனி உருக்கும் உப்பு ஒரு மூட்டை 10 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 95 முதல் 125 டாலருக்குள் முடிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாவிட்டால் அலாரத்தை முதலில் வாங்குங்கள் (ஏன் என்பது 5-ஆம் பகுதியில்). புயல் அறிவிப்பு வந்த அன்று கடைக்குப் போனால் பேட்டரி அடுக்கு காலியாக இருக்கும். பக்கத்து வீட்டாரோடு பேசி ஷவலையும் உப்பையும் பொதுவாக வைத்துக்கொண்டால் அவற்றின் செலவு பாதியாகிவிடும். அலாரம் மட்டும் வீட்டுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும்.

3. பனி நின்றதும் வெளியே ஓடாதீர்கள்

நன்றாக வெளிச்சம் வரும்வரை காத்திருங்கள். பனி நின்ற பிறகும் கிளைகள் விழுந்துகொண்டே இருக்கும். பாதி முறிந்து மேலே தொங்கும் கிளைதான் மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் அது எப்போது விழும் என்று சொல்ல முடியாது. தரையில் கிடக்கும் எந்தக் கம்பியையும் மின்சாரம் உள்ள கம்பியாகவே கருதுங்கள். அது கேபிள் டிவி கம்பியாகத் தோன்றினாலும் எங்கோ ஓரிடத்தில் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். குறைந்தது 35 அடி தள்ளி நின்று, 911-க்கும் பிறகு மின் நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். கம்பி பனிக்கடியில் மறைந்திருக்கலாம் என்பதால் விழுந்த மரத்தின் மேல் ஏறிக் கடப்பதும் கூடாது. வழி அடைபட்டிருந்தால் அந்த வீட்டுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். கைபேசி இணைப்பு நெரிசலில் அழைப்பு போகாதபோதும் குறுஞ்செய்தி பெரும்பாலும் போய்விடும்.

4. கதவைத் தட்டுவதும் கேட்க வேண்டிய கேள்விகளும்

காலை ஒன்பது மணியளவில் ஒருமுறை, இருட்டுவதற்கு முன் நான்கு மணியளவில் ஒருமுறை போங்கள். மின்சாரம் இல்லாதபோது அழைப்புமணி அடிக்காது, கையால் தட்டுங்கள். தட்டிவிட்டு இரண்டு மூன்று அடி பின்வாங்கி, உள்ளிருப்பவர் கதவுத் துளை வழியாகப் பார்த்தால் முகம் தெரியும்படி நின்று, பெயரையும் கதவு எண்ணையும் உரக்கச் சொல்லுங்கள். தலைத்துணி, முகக்கவசம் எல்லாம் அணிந்திருந்தால் அந்த நேரத்துக்கு இறக்கிவிடுங்கள். வயதானவர்கள் எழுந்து வர நேரமாகும். இரண்டு நிமிடமாவது நில்லுங்கள்.

"நலமா?" என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு "நலம்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை, நம் ஊரிலும் "சாப்பிட்டீர்களா?" என்றால் சாப்பிடாதவர்கூட "ஆச்சு" என்றுதான் சொல்கிறார். பிறருக்குத் தொல்லை தரக்கூடாது என்ற எண்ணம் வயதானவர்களிடம் எங்கேயும் ஒன்றுதான். ஆம், இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாத கேள்விகளைக் கேளுங்கள். நான் இப்போது கேட்பவை இவை:

"கடைசியாக என்ன சூடாகச் சாப்பிட்டீர்கள், எப்போது?"
"இரவு எந்த அறையில் தூங்கினீர்கள்? எதை வைத்து அறையைச் சூடாக்கினீர்கள்?"
"இன்று என்னென்ன மருந்து போட்டுக்கொள்ள வேண்டும்? அவை எங்கே இருக்கின்றன?"
"கைபேசியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது? கடைசியாக யாரோடு பேசினீர்கள்?"

மூன்றாவது கேள்வியில் "எங்கே இருக்கின்றன" என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். அதை நான் கேட்டிருந்தால் அந்த அம்மா பால்கனியைக் காட்டியிருப்பார்.

பதிலைக் கேட்கும்போதே கண்ணால் பாருங்கள். வீட்டுக்குள் அவர் என்ன உடுத்தியிருக்கிறார், பேச்சு குழறுகிறதா, உள்ளிருந்து புகை அல்லது கரி வாசனை வருகிறதா என்பதெல்லாம் வாசலில் நின்றபடியே தெரியும். அழைக்காமல் உள்ளே போகாதீர்கள். இரண்டாம் முறை தட்டியும் பதில் இல்லை, கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது, வாசல் பனியில் காலடித் தடம் இல்லை என்றால், காவல்துறையின் அவசரமல்லாத எண்ணுக்கு அழைத்து, "வெல்ஃபேர் செக்" வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் வந்து பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. முனகல் கேட்டாலோ, ஜன்னல் வழியே ஒருவர் விழுந்து கிடப்பது தெரிந்தாலோ நேராக 911-ஐ அழையுங்கள்.

5. கார்பன் மோனாக்சைடு: இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்

இந்த வாயுவுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அயர்ச்சி ஆகியவைதான் அறிகுறிகள். காய்ச்சல் வருவதுபோல் இருக்கிறது என்று நினைத்துப் படுத்தவர்கள் எழுந்திருக்காமல் போனதுண்டு. ஒரே வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்று கேள்விப்பட்டால் காரணத்தை ஆராயாமல் அனைவரையும் வெளியே வரச் சொல்லிவிட்டு 911-ஐ அழையுங்கள்.

கரி அடுப்பையும் பார்பிக்யூவையும் வீட்டுக்குள் மட்டுமன்றி, கராஜிலும் மூடிய பால்கனியிலும்கூட எரிக்கக் கூடாது. கராஜ் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. கேஸ் அடுப்பை அறையைச் சூடாக்கப் பயன்படுத்தக் கூடாது. ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைவாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி வைத்தாலும் ஆபத்து ஒன்றுதான். கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றக் காரை ஓடவிடுபவர்கள், புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை முதலில் வாரிவிட்டு, காரைத் திறந்த வெளியில் நிறுத்த வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. வீட்டைச் சூடாக்கும் புதிய வகை ஃபர்னஸ்களின் புகை கூரை வழியாகப் போகாமல், வீட்டின் பக்கச்சுவரில், தரையிலிருந்து சில அடி உயரத்திலேயே உள்ள வெள்ளை பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியேறும். அது பனியில் மூடிக்கொண்டால் மின்சாரம் வந்து ஃபர்னஸ் ஓடத் தொடங்கியதும் வாயு உள்ளே திரும்பக்கூடும். உங்கள் குழாயை வாரும்போதே பக்கத்து வீட்டுக் குழாயையும் கையால் வாரிவிடுங்கள். ஷவலால் குத்தினால் குழாய் உடைந்துவிடும்.

6. மருந்தும் குளிரும்

திறக்காத இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் ஒருமுறை உறைந்த இன்சுலின், இளகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும், பயன்படாது. பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பெரும்பாலும் அறை வெப்பத்திலேயே ஏறத்தாழ 28 நாட்கள் தாங்கும். பெட்டியில் உள்ள தாளைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பனியில் வைப்பதைவிட வீட்டுக்குள் குளிரான ஓர் அறையில், துணி சுற்றிய டப்பாவில் வைப்பது பாதுகாப்பானது.

புது மருந்து வாங்க நேர்ந்தால் பழைய மருந்தின் பெட்டியை, லேபிள் கிழியாமல், கையோடு கொண்டுபோங்கள். அந்த அம்மாவுக்காக ஜெனரேட்டரில் இயங்கிய ஒரு மருந்துக்கடையைக் கண்டுபிடித்து, விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் ஓட்டிப் போய்ச் சேர்ந்தபோது, என்னிடம் மருந்தின் பெயர் எழுதிய துண்டுச்சீட்டு மட்டுமே இருந்தது. மீண்டும் வீட்டுக்கு வந்து, உறைந்த பெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டாம் முறை போனேன். லேபிளில் உள்ள மருந்துச்சீட்டு எண், மருத்துவர் பெயர், நோயாளியின் காப்பீட்டு அட்டை ஆகிய மூன்றும் வேண்டும். அவற்றைப் படம் பிடித்தும் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பிடிக்க முடியாவிட்டால், அவசரத்துக்குக் குறைந்த அளவு தர முடியுமா என்று மருந்தாளரிடமே கேளுங்கள். அந்த அதிகாரம் அவருக்கு உண்டு. நாம் கேட்கத் தெரியாமல் திரும்பிவிடுகிறோம்.

ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவரிடம் மாற்று சிலிண்டர் எத்தனை மணி நேரம் வரும் என்று கேட்டு, அதில் பாதி நேரம் ஆவதற்குள் அவருக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள். அந்த வீட்டில் மெழுகுவர்த்தி கூடவே கூடாது. இத்தகையவர்கள் மருத்துவர் கையெழுத்திட்ட படிவத்தை மின் நிறுவனத்திடம் முன்கூட்டியே கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம். அப்படிப் பதிந்தாலும் மின்சாரம் முதலில் வரும் என்ற உறுதி கிடையாது.

நடுக்கம், குழறல், குழப்பம், கை மரத்துப்போதல் ஆகியவை தெரிந்தால் உடல் வெப்பம் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கலாம். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று சோர்ந்து போனால் அது தேறியதன் அடையாளம் அல்ல, 911-ஐ அழையுங்கள். அந்த அளவுக்குப் போகும் முன்பே 211 என்ற உதவித் தகவல் எண்ணை அழைத்தால், பள்ளிக்கூடம், முதியோர் மையம், நூலகம் போன்ற எந்த இடத்தில் வெப்பமூட்டிய கூடம் திறந்திருக்கிறது என்று சொல்வார்கள். செல்லப் பிராணியை அனுமதிப்பார்களா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பூனையை விட்டு வர மாட்டேன் என்று குளிரிலேயே இருப்பவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு.

7. உணவும் தண்ணீரும்

கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரமும், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிரம்பிய ஃப்ரீசர் 24 மணி நேரமும் தாங்கும். 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த இறைச்சி, பால், சமைத்த சோறு, குழம்பு ஆகியவற்றை வாசனை பார்த்து முடிவு செய்யாமல் எறிந்துவிடுங்கள். வெளியே பனியில் உணவை வைப்பதும் சரியல்ல. பகல் வெயிலில் சூடேறும், இரவில் விலங்குகள் வந்து கிளறும்.

நகரத்துக்கு வெளியே உள்ள பல வீடுகளுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். மோட்டார் ஓடாவிட்டால் குழாயில் ஒரு சொட்டும் வராது. அபார்ட்மென்ட்டில் இருக்கும் நமக்கு இது தோன்றவே தோன்றாது; தனிவீட்டுக்காரரிடம் "தண்ணீர் வருகிறதா?" என்று கேளுங்கள். குடிக்கப் பாட்டில் தண்ணீரும், கழிப்பறைக்கு ஒரு வாளி பனியும் கொடுத்தாலே பெரிய உதவி.

8. பனி வாருதல்

இதய நோய் உள்ளவரும் ரத்த அழுத்தம் உள்ளவரும் ஷவலைத் தொடக் கூடாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கையில் அதைப் பார்த்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஈரப்பனி ஒரு கன அடி 20 பவுண்டு வரை கனக்கும். தூக்கி எறியாமல் தள்ளிக்கொண்டே போங்கள்.

9. ஆவணங்கள்: எறிவதற்கு முன் படம் எடுங்கள்

உணவு, நனைந்த பொருள், உடைந்த ஜன்னல், விழுந்த மரம் எதுவானாலும் தேதி தெரியும்படி படம் எடுத்த பிறகே அப்புறப்படுத்துங்கள். வாங்கியவற்றின் ரசீதையும், மின்சாரம் போன நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் எழுதிய குறிப்பையும் ஒரே உறையில் வையுங்கள். வயதான அண்டை வீட்டாருக்கும் இதை நீங்களே செய்து கொடுங்கள். அவர்கள் முதலில் செய்வது ஃப்ரிட்ஜைச் சுத்தமாகத் துடைத்து வைப்பதுதான்.

வாடகைதாரர் காப்பீடு மாதம் 15 முதல் 20 டாலரில் கிடைக்கிறது. அதில் முதல் 500 டாலரை நீங்களே ஏற்க வேண்டும் என்றிருந்தால் 200 டாலர் உணவு கெட்டதற்கு ஒன்றும் கிடைக்காது. சில பாலிசிகளில் கெட்டுப்போன உணவுக்குத் தனிப் பிரிவு உண்டு, அதைக் கேட்டுப் பாருங்கள். ஓட்டலில் தங்குவதாக இருந்தால் முதலில் காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து, அந்தச் செலவை ஏற்பார்களா என்று கேளுங்கள். அரசின் ஸ்நாப் உணவு உதவி பெறுபவர்கள் கெட்டுப்போன உணவுக்கு ஈடு கேட்கலாம். பத்து நாட்களுக்குள் தெரிவித்துவிட வேண்டும்.

மரத்தால்தான் அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் வருகிறது. அவர்கள் வீட்டு மரம் நம் காரின் மேல் விழுந்தால் பொதுவாக நம்முடைய கார்க் காப்பீட்டின் காம்ப்ரிஹென்சிவ் (மோதல் அல்லாத சேதங்களுக்கான) பிரிவுதான் தர வேண்டும். மரம் பட்டுப்போயிருந்தது, அது உரிமையாளருக்கு முன்பே தெரியும் என்ற நிலையில் மட்டுமே அவரைப் பொறுப்பாக்க இடமுண்டு. எனவே மரத்தைக் காட்டிச் சண்டை போடுவதற்கு முன் உங்கள் பாலிசியைப் படியுங்கள்.

10. மூன்றாம் நாளும் மின்சாரம் திரும்பும் நாளும்

முதல் நாள் எல்லோரும் எல்லோரையும் விசாரிப்பார்கள். மூன்றாம் நாளுக்குள் பலர் நண்பர் வீட்டுக்கோ வேறு ஊருக்கோ போய்விடுவார்கள், தெரு காலியாகிவிடும், எஞ்சியிருப்பவர்களுக்கு மருந்தும் சார்ஜும் தீரத் தொடங்குவதும் அன்றுதான். நீங்கள் ஊரைவிட்டுப் போவதானால் உங்கள் தாளை இன்னொருவர் கையில் கொடுத்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போங்கள். தாளில் உள்ளவர்களிடமும் "இனி இவர் வருவார்" என்று பெயர் சொல்லுங்கள். போகும் முன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி எதுவும் பாதியில் நின்றிருந்தால் அணைத்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆளில்லாத வீட்டில் மின்சாரம் திரும்பும்போது அவை தாமாகவே சூடாகத் தொடங்கும்.

எங்கள் கட்டடத்துக்கு ஆறாம் நாள் இரவு பத்தரை மணிக்கு மின்சாரம் வந்தது. கீழ்வீட்டு ஜன்னலில் வெளிச்சம் தெரிந்ததும், இனிக் கவலையில்லை என்று எனக்குப் படுத்துவிடத் தோன்றியது. இருந்தாலும் இறங்கிப் போய்த் தட்டி, இந்த முறை "ஹீட்டர் துவாரத்தில் கை வைத்துப் பாருங்கள், காற்று சூடாக வருகிறதா?" என்று கேட்டேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இல்லை, குளிர்ந்துதான் வருகிறது" என்றார். ஃபர்னஸின் சுவிட்சை அணைத்து மீண்டும் போட வேண்டியிருந்தது. இரவுக் காவல் பணியில் இருந்த பராமரிப்பு ஊழியர் வந்து அதைச் செய்தபோது மணி பதினொன்றே கால். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இன்னும் ஒருமுறை தட்டினேன்.